உப்புப் போடாத கீரை

டாக்டர் தன் கட்டைவிரலை மச்சானின் கணுக்காலுக்கு மேல் வைத்து அழுத்தி எடுத்தார். அங்கே ஒரு குழி விழுந்தது. பிசைந்து வைத்த கோதுமை மாவில் விரல் பட்டால் விழுமே, அந்த மாதிரி. மூடும் என்று காத்திருந்தேன். மூடவில்லை.

செம்பூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு. காலை பத்து மணி இருக்கும். ஜன்னலோரக் கட்டிலில் மூன்று தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் மச்சான். மூக்கில் ஆக்சிஜன் குழாய். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று முந்தின நாள் விடியற்காலையிலிருந்தே உட்கார்ந்தபடி இருந்தார்.

"சாப்பாட்டில் உப்புப் போட்டீர்களா?" என்று டாக்டர் இந்தியில் கேட்டார். என் மகள் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

"ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை."

"ஊறுகாய், பாப்பட், காய்ந்த மீன்?"

"எதுவும் கிடையாது."

"வெளியே போய் வடா பாவ் ஏதாவது?"

நான் சும்மா இருப்பேனா? "முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்தவள் நான். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். உங்கள் மருந்தில் என்ன கோளாறு என்று முதலில் பாருங்கள்" என்று அந்த வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். அடுத்த கட்டில்காரர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

டாக்டர் கோபப்படவில்லை. சீட்டில் ஏதோ எழுதினார். உடம்பில் தேங்கிய நீரை இறக்கும் ஊசியின் அளவைக் கூட்டியிருக்கிறார் என்று நர்ஸ் பிறகு சொன்னாள்.

மச்சான் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூச்சு வாங்குவதால் என்று நினைத்தேன்.

நான் மச்சான் என்று எழுதுவது என் கணவரைத்தான். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் புருஷனை அப்படிக் கூப்பிடுவதுதான் வழக்கம். இந்தத் தொடரின் ஆரம்ப வாரங்களைப் படித்த ஒரு வாசகி, "அக்காள் கணவர்மேல் இவ்வளவு பாசமா?" என்று கேட்டு எழுதியிருந்தார். எனக்கு அக்காளே கிடையாது, அம்மா. கட்டிய புருஷன்மேல் வைத்த பாசம்தான் அது.

பரணுக்குப் போன ஜாடி

ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு ஒன்பது மாதம் முன்னால்தான் மச்சானுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். படியேறினால் இளைப்பு, பாதத்தில் வீக்கம். மாத்திரைகளை எழுதித் தந்த பெரிய டாக்டர், "மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதியை உங்கள் சமையலறைதான் செய்ய வேண்டும். உப்பே போடாதீர்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, உப்பு ஜாடியை எடுத்துப் பரணில் போட்டது. அடுப்புப் பக்கத்தில் இருந்தால் கை தானாகப் போகும். சோற்றில் உப்பில்லை, குழம்பில் உப்பில்லை. அவருக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று சமைக்கவும் இல்லை. அவர் தின்பதைத்தான் நானும் தின்றேன்.

மச்சான் தாராவியில் தோல் பை பட்டறைகளில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். நாள் முழுக்கத் தோல் நாற்றத்தில் நின்று வேலை செய்கிறவருக்கு நாக்கு உறைப்பாக, உப்பாகத்தான் கேட்கும். கருவாடு இல்லாத ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இருந்ததில்லை. அப்படிப்பட்ட மனுஷன் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் சப்பென்று இருந்த சோற்றைப் பிசைந்து பிசைந்து விழுங்கினார்.

ஒரே ஒரு நாள் மட்டும் சொன்னார். "சோறு திங்கிற மாதிரி இல்ல புள்ள. மாத்திரைய பெரிசாச் செஞ்சு வச்ச மாதிரி இருக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பாதித் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

நாள் போகப் போக அந்தப் பாதி கால்வாசியானது. சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. விக்ரோலியிலிருந்து எங்கள் மகள் ரிஸ்வானா தினமும் போன் போட்டு, "அத்தா கானா சாப்ட்டாங்களா?" என்று கேட்பாள். ஆமாம் என்று பொய் சொல்வேன். வியாதி ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த மனுஷன் பட்டினி கிடந்தே போய்விடுவாரோ என்றுதான் எனக்குப் பயம்.

சுமன்பாயின் கூடை

அந்தச் சமயத்தில்தான் சுமன்பாய் கீரை கொண்டுவந்தாள்.

சுமன்பாய் டிராம்பே கோளிவாடாக்காரி. மீன்பிடிக்கிற குடும்பம். எங்கள் சீத்தா கேம்ப் குடியிருப்பில் நான் இருக்கும் சந்தின் முனையில், இருபது வருஷமாக ஒரே இடத்தில் கூடையை இறக்கி வைத்து மீன் விற்கிறாள். என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவள். எல்லோரிடமும் விலையில் மல்லுக்கு நிற்பவள், என்னிடம் மட்டும் "டீச்சர்" என்று கொஞ்சம் அடங்கிப் பேசுவாள். அந்த மரியாதையை நானும் நன்றாக அனுபவித்தேன்.

மழை நின்று, குளிர் தொடங்கியிருந்த மாதம். மீன் கூடைக்குப் பக்கத்தில் ஈரச் சாக்குத் துண்டின்மேல் பச்சையாக ஒரு குவியல். குனிந்து பார்த்தேன். சின்னச் சின்ன ஊசி மாதிரி இலைகள், ஆனால் ஊசி போலக் குத்தாது. உருண்டு, தடித்து, நசுக்கினால் தண்ணீராக வழியும்.

"மோரஸ்" என்றாள் சுமன்பாய்.

மோரஸ் என்பது இங்கத்துப் பெயர். எனக்கு அது உமரி.

உமரியை யாரும் விதைப்பதில்லை. கடல்தண்ணீர் ஏறி இறங்குகிற சேற்றில், அலையாத்திச் செடிகளுக்கு இந்தப் பக்கம், வேறு எதுவும் முளைக்காத உப்பு மண்ணில் அதுவாக முளைக்கும். எங்கள் பக்கத்துக் கடற்கரையிலும் இருக்கிறது, இந்த டிராம்பே உப்பங்கழியிலும் இருக்கிறது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் பழைய குடியிருப்பைக் காலி செய்து, சட்டி பானையோடு எல்லோரையும் லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு, இதுதான் உன் இடம் என்று காட்டினார்கள். அந்தக் கோட்டுக்குள் எங்களுக்கு முன்னாலேயே குடியிருந்தது இந்தச் செடிதான். பெண்களெல்லாம் அழுதுகொண்டிருந்தார்கள். என் அம்மா குனிந்து ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தார். "அட, உமரிடீ!" என்று சிரித்துவிட்டார். அன்றைக்கு அங்கே சிரித்த ஒரே ஆள் அவர்தான். ரேஷன் சரியாகக் கிடைக்காத அந்த முதல் மாதங்களில் அதைத்தான் கொய்து சமைத்தார். கொய்த இடத்தின்மேலேயே வீடு கட்டினோம். கொஞ்ச வருஷத்தில் உமரியும் எங்கள் தெருவிலிருந்து போய்விட்டது, எங்கள் சட்டியிலிருந்தும் போய்விட்டது.

சமைக்கும்போது அம்மா சொல்வது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "உமரிக்கு உப்புப் போடக் கூடாது."

சுமன்பாயின் சாக்குக்கு முன்னால் நின்றபோது அந்த வாக்கியம் எனக்குள் மணி அடித்த மாதிரி கேட்டது. உப்புப் போடாமலே ருசிக்கிற கீரை! மச்சானுக்காகவே யாரோ அனுப்பி வைத்த மாதிரி இருந்தது.

"பகானே கா மாலூம் ஹை க்யா, டீச்சர்?" என்று கேட்டாள் சுமன்பாய். சமைக்கத் தெரியுமா என்று அர்த்தம்.

"இது எங்கள் கடற்கரைக் கீரை. எனக்கே சொல்லித் தருகிறாயா?" என்றேன்.

அவள் ஏதோ சொல்ல எடுத்த வாயை மூடிக்கொண்டு, மூன்று கைப்பிடி அள்ளிப் பையில் போட்டாள்.

இந்தக் கழித்தண்ணீரில் எத்தனை சாக்கடை கலக்கிறது, அதில் முளைத்ததையா தின்றீர்கள் என்று சிலர் கேட்கலாம். நானும் கேட்டேன். ஊர்ப்பக்கம் இருக்கும் கரையில் சுமன்பாய் கிள்ளவே மாட்டாளாம். பழைய உப்பளங்களைத் தாண்டி, பௌர்ணமி, அமாவாசைக்கு மட்டும் தண்ணீர் ஏறுகிற ஒரு மேடு இருக்கிறதாம், படகில் போகிறபோது அங்கே மட்டும் இறங்குவாளாம். அது போதுமா என்று எனக்குத் தெரியாது. அவள் வீட்டிலும் அதைத்தான் தின்றார்கள்.

நான்காம் வகுப்புப் பாடம்

இப்போது என் புத்திசாலித்தனத்தைச் சொல்ல வேண்டும்.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு வருஷா வருஷம் நான் ஒரு பாடம் நடத்துவேன். கீரையைக் கழுவிய பிறகுதான் நறுக்க வேண்டும், வெந்த தண்ணீரைக் கொட்டக் கூடாது, கொட்டினால் சத்தெல்லாம் போய்விடும். பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள்.

ஒரு வருஷம், ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்து நின்று, "டீச்சர், எங்கம்மா உமரித் தண்ணிய ரெண்டு தடவ கொட்டும்" என்றாள். வகுப்பே சிரித்தது. "உங்கம்மாவுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் டீச்சர் சொன்னதைச் சொல்" என்றேன். அதோடு விட்டேனா? 'கீரை வெந்த தண்ணீரைக் கொட்டக் கூடாது' என்று பத்து முறை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். எழுதிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வரியிலும் சிவப்பு மையால் சரி போட்டேன்.

என் அம்மாவும் கொட்டியிருக்க வேண்டும். வாசலுக்கு வெளியே ஆவி பறக்க எதையோ அவர் சாய்ப்பது ஒரு படம் போல இப்போது தெரிகிறது. சமைக்கிற இடத்தில் நிற்காமல் புத்தகத்தோடு திரிந்த பிள்ளை நான். உப்புப் போடாதே என்ற பாதி என் காதில் விழுந்தது. தண்ணீரைக் கொட்டு என்ற மீதிப் பாதி விழவில்லை.

அன்றைக்குப் பாசிப்பருப்போடு உமரியைக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் கொட்டவில்லை. மிஞ்சியதை வடித்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு ரசமாக்கினேன். கீரையில் தேங்காய்த் துருவலும் சின்ன வெங்காயமும். உப்பு ஜாடி பரணில்தான் இருந்தது.

மச்சான் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மறுபடியும் மென்றார்.

"என்ன மச்சான், நல்லா இல்லையா?"

"இன்னும் கொஞ்சம் வையி" என்றார்.

ஆறு மாதத்தில் அவர் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

சாப்பிட்டபோது உப்புக் கரிப்பது உனக்குத் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், நன்றாகவே தெரிந்தது. ஆனால் உப்பு என்றால் ஜாடியில் இருப்பது, கீரையில் இருப்பது சத்து என்று என் மண்டை பிரித்து வைத்துக்கொண்டது. டாக்டர் போடாதே என்றார், நான் போடவில்லை. வேர் தண்ணீரோடு மண்ணில் கரைந்த உப்புகளையும் உறிஞ்சும் என்று கரும்பலகையில் படம் வரைந்து காட்டியவளும் நான்தான். அந்தப் படத்தையும் இந்தத் தட்டையும் ஒரு தடவைகூடச் சேர்த்துப் பார்க்கவில்லை.

வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் உமரி. அவர் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. "இப்ப தட்டுல மிச்சமே வைக்கிறதில்ல" என்று ரிஸ்வானாவிடம் பெருமையாகச் சொன்னேன். வெயில் ஏற ஏற இலை சிவந்துகொண்டே வந்தது. சுவை இன்னும் தூக்கலாக இருக்கிறதே என்று நினைத்தேன். கால் வீங்கத் தொடங்கியபோது, மசூதி வரை நடந்து போய் வருவதால் என்று நினைத்தேன். இன்னொரு தலையணை கேட்டபோது, வயசு என்று நினைத்தேன். ஒரு நாள் விடியற்காலையில் தொழுகைக்கு எழுந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார்.

சுமன்பாய் என் சமையலறையில்

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள். ஊசி போட்டும் வீக்கம் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. காரணம் பிடிபடாததால், இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மச்சான் இருக்கும் நிலையில் அதுவும் ஆபத்துதான் என்றும் மறைக்காமல் சொன்னார். யோசித்துச் சொல்லுங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்தார். கையெழுத்துப் போடாமல் அதைப் பையில் வைத்துக்கொண்டு, மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். ரிஸ்வானா அத்தாவோடு இருந்தாள்.

சந்து முனையில் சுமன்பாய் என்னை நிறுத்தினாள். விஷயத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "ஆஸ்பத்திரிச் சோறு அவர் தொண்டையில் இறங்கவில்லை. மோரஸ் கொடு, சமைத்து எடுத்துக்கொண்டு போகிறேன்" என்றேன்.

அவள் ஒரு கொத்தை எடுத்து, சிவந்து போயிருந்த நுனிகளை ஒடித்து எறிந்தாள். "லால் ஹோ கயா. சிவந்துபோச்சு, இதுக்கு மூணு தண்ணி வேணும். நீங்க எத்தனை தண்ணி கொட்டுறீங்க, டீச்சர்?" என்று பாதி இந்தியும் பாதி மராத்தியுமாகக் கேட்டாள்.

"கொட்டுவதா? எதற்குக் கொட்ட வேண்டும்?"

அவள் கை கொத்தோடு அப்படியே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். கூடையின்மேல் சாக்கைப் போட்டு மூடினாள், பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், "சலோ" என்று எனக்கு முன்னால் நடந்தாள். இருபது வருஷத்தில் அவள் என் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. நான் ஒரு நாளும் உள்ளே கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

என் அடுப்பை அவளே பற்ற வைத்தாள். கீரையைக் கொதிக்கவிட்டு, வடித்த தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து ஆற்றி, "பியோ" என்று நீட்டினாள்.

ஒரு வாய் குடித்தேன். அப்படியே கடல். துப்பிவிட்டேன்.

மறுபடியும் புதுத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தாள். அதையும் பிடித்துக் கொடுத்தாள். அதிலும் உப்பு. மூன்றாவது தண்ணீரைத் தன் புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள்.

"சமுந்தர் பீகே படா ஹோதா ஹை, டீச்சர். அந்தர் சமுந்தர் நஹி தோ க்யா ஹோயேகா?" என்றாள். கடலைக் குடித்து வளர்கிற செடிக்குள் கடல் இல்லாமல் வேறென்ன இருக்கும் என்று கேட்டாள். அவள் மாமனாருக்கு பிபி வந்தபோது, எத்தனை தண்ணீர் கொட்டினாலும் வேண்டாம் என்று மோரஸையே நிறுத்திவிட்டார்களாம். "உங்க வீட்ல யாருக்கு உடம்பு சரியில்லன்னு நான் கேக்கல. தெரியுமான்னு கேட்டேன், தெரியும்னீங்க."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள். மூன்று மாதமாக ஒரு சொட்டு விடாமல் ரசம் வைத்துக் கொடுத்திருக்கிறேனே, அதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. கொட்ட வேண்டியதைத் தாளித்து ஊட்டியிருக்கிறேன்.

"தெரியும் புள்ள"

வார்டுக்குப் போனேன். டீ குடித்துவிட்டு வா என்று ரிஸ்வானாவை வெளியே அனுப்பினேன். மச்சானின் கட்டில் ஓரமாக உட்கார்ந்து சொல்லி முடித்தேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

"தெரியும் புள்ள" என்றார்.

"என்ன தெரியும்?"

"நாங்க சின்னப் புள்ளையில திங்காத உமரியா? தண்ணிய வடிச்சுத்தான் செய்வாங்க. மொத வாய்லயே தெரிஞ்சிருச்சு, நீ வடிக்கலன்னு."

எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. "தெரிஞ்சே தின்னீங்களா? மூணு மாசமா? இங்க அந்த டாக்டர்ப் புள்ளைகிட்ட நான் வாய் கிழியக் கத்துனப்பவும் ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே, பாவி மனுஷா!"

அவர் ஆக்சிஜன் குழாயை ஒரு விரலால் சரி செய்துகொண்டார். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினார்.

"ருசியா இருந்துச்சு. ஜூட் சொல்லக் கூடாது, பொய்யில்ல புள்ள, ரொம்ப நாளைக்கப்புறம் நாக்குக்கு உசுரு வந்துச்சு." என் பக்கம் திரும்பினார். "ஆனா அது மட்டுமில்ல. ஆறு மாசமா நீயும் சப்புன்னு தின்னுக்கிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு கெடந்தே. அன்னிக்கு இன்னும் கொஞ்சம் வையின்னு சொன்னதுக்கு அழுதே. அதுக்கு மேல போயி, இது தப்பான கீரைன்னு எப்படிப் புள்ள சொல்லுவேன்?"

நான் அவர் கையை எடுத்து என் நெற்றியில் அடித்துக்கொண்டேன். அந்தக் கையும் வீங்கித்தான் இருந்தது.

டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். அந்த வார்டின் நீளம் நாற்பது அடி இருக்குமா? அதைக் கடந்து டாக்டர் மேஜை முன்னால் போய் நிற்க வெகுநேரம் ஆயிற்று. எத்தனை பிள்ளைகளை என் மேஜை முன்னால் நிற்க வைத்திருப்பேன். ஒரு தடவை நின்று பார்த்தால்தான் தெரிகிறது.

"தப்பு என்னுடையது. உப்புக் கொடுத்திருக்கிறேன். கீரையில்" என்றேன்.

அந்தப் பெண் என்னை உட்காரச் சொன்னார். கடல் பக்கத்து ஆள் இல்லை அவர், மோரஸைக் கேள்விப்பட்டதே இல்லையாம். எத்தனை நாள், எவ்வளவு, தண்ணீரை என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். குழாய் விடும் தாளைத் திருப்பித் தரச் சொல்லி, இப்போதைக்கு வேண்டாம் என்று கிழித்தார்.

"நானும் உப்புப் போட்டீர்களா என்றுதான் கேட்டேன். என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்" என்றார். அவர் சமாதானத்துக்குச் சொன்னார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

எட்டாம் நாள் மச்சான் நடந்து வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் இருந்தார். கடைசி வாரம் வரை உமரி எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. சுமன்பாய் மட்டும் வருவாள், வியாபாரம் முடிந்ததும் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவாள்.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்தது கீரையால்தான், இதயம் பலவீனமானது கீரையால் அல்ல என்று டாக்டர் என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார். நம்புகிறேன். ஆனால் அந்த மூன்று மாதம் மச்சான் ஆயுளில் எத்தனை நாளைத் தின்றது என்று கேட்டதற்கு, அதைக் கணக்குப் போட முடியாது என்றார். அந்தக் கேள்வி என்னிடமே இருக்கிறது.

அந்த ரெட்டைச் சடைப் பெண்ணின் பெயரை எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. இப்போது நாற்பது வயதை நெருங்கியிருப்பாள். இதைப் படிக்க நேர்ந்தால்: உன் அம்மா செய்ததுதான் சரி, கண்ணு. நீ எழுதிய பத்து வரியும் தப்பு. சரி போட்டது நான்.

பரணிலிருந்து

இரண்டாவது மழைக்காலம் முடிகிற சமயத்தில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், அவருக்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

என்ன வேண்டும் மச்சான் என்று கேட்டேன். பிரியாணி என்பார், கருவாடு என்பார் என்று நினைத்தேன்.

"உமரி" என்றார்.

சுமன்பாய் அன்று மீனுக்கே போகாமல் அந்த மேட்டுக்குப் போய் வந்தாள். மழைத்தண்ணீர் குடித்த இளம் கொழுந்து, ஓர் இலைகூடச் சிவக்கவில்லை. இந்த இளசுக்கு இரண்டு தண்ணீர் போதும் என்றாள். நான் மூன்று கொட்டினேன். மூன்றாவது தண்ணீரைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். வெறும் வெந்நீர்.

பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், தேங்காய். பகல் பன்னிரண்டு மணி. ரிஸ்வானா அவரைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். சோற்றில் பிசைந்து, சின்னக் கவளமாக உருட்டி வாயில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் மென்றார்.

"எப்படி இருக்கு, மச்சான்?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "உப்புப் பத்தல புள்ள."

நான் ரிஸ்வானாவைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, போடுங்கள் என்பது போலத் தலையை ஆட்டினாள்.

ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து ஜாடியை எடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உப்பு இறுகிப் பாறையாகிக் கிடந்தது. கரண்டிக் காம்பால் குத்தி உடைத்து, ஒரு சிட்டிகை எடுத்து, என் கையாலேயே அந்தக் கீரையில் போட்டுப் பிசைந்தேன்.

"இப்ப?"

"ம்" என்றார். "இப்ப சரி."

ஐந்து கவளம் சாப்பிட்டார். ஆறாவதுக்குத் தலையை அசைத்துவிட்டு ரிஸ்வானாவின் தோளிலேயே தூங்கிப் போனார். அவர் தூங்குவதைப் பார்த்தபடி நான் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைத் திரும்பப் பரணில் வைக்கத் தோன்றவில்லை.